நாங்க ஆளுகளா, கொழுந்தா?

அக்கா, இன்று காலை உங்களைச் சுவரிலிருந்து கழற்றினேன். பதற வேண்டாம், உங்கள் படத்தை அல்ல. பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு நீளக் குழாய்க்குள் சுருட்டிப் புதிய அமைப்பு வரைபடம் வந்திருந்தது. எங்கள் நரம்புச் சிதைவு நோய் ஆய்வு நிறுவனத்தில் யாருக்குக் கீழே யார் என்று பெட்டி பெட்டியாகப் போட்டுக் கோடு இழுத்த படம். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை இப்படி ஒன்று வரும். மேலே உள்ள பெட்டிகள் இடம் மாறியிருக்கும். நோர்வூட் கள அலுவலகம் மட்டும் எப்போதும் வலது பக்கக் கீழ் மூலையில் இருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டியிருந்த பழையவற்றையெல்லாம் கழற்றி, அடியில் இருந்த முதலாவதைத் திருப்பினேன். முதுகுப் பக்கம் முழுக்க உங்கள் எழுத்து.

நீலப் பேனையால் எழுதியிருந்தீர்கள். மேலே "பெரிய தொர" என்று புளியங்கொட்டை அளவில். அதற்குக் கீழே "சின்ன தொர", பயறு அளவில். வரி இறங்க இறங்க எழுத்தும் சிறுத்து, "கங்காணி" கடுகாகிவிட்டது. கடைசி வரியை வாசிக்க வேன் சாரதி நிமலின் கண்ணாடியை இரவல் வாங்க வேண்டியிருந்தது. "ஆளுக" என்று இருந்தது. உங்கள் நோயின் குணம் அது. கை பெரிதாகத்தான் தொடங்கும், போகப் போக எழுத்து சுருங்கிவிடும். அன்று அது எனக்குத் தெரியாது. தொரைக்குப் பெரிய எழுத்து, தொழிலாளிக்குச் சின்ன எழுத்து என்று நக்கல் பண்ணுகிறீர்கள் என்றே நினைத்துச் சிரித்தேன்.

அலுவலகத்துக்குக் கீழே முஸ்லிம் நானாவின் பேக்கரியில் பாண் வெந்துகொண்டிருக்கிறது. செய்ய வேண்டிய வேலை மேசையில் கிடக்கிறது. நான் பழைய கேள்வித் தாள்களின் வெற்றுப் பக்கத்தில் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிவிட்டது. ஐந்து மாதமாக யாரும் என்னைத் திட்டவில்லை. அலுவலகம் அலுவலகம் மாதிரியே இல்லை.

உங்களை முதன்முதலாகப் பார்த்த அன்றே உங்களுக்கு ஒரு பெரிய அநியாயம் செய்தேன். அதைச் செய்து முடிக்க எனக்கு அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை.

நிறுவனம் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே நோர்வூட்டில் கள அலுவலகம் திறந்த புதிது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாகப் போய் ஐம்பத்தைந்து வயது தாண்டியவர்களிடம் ஞாபக சக்திக் கேள்விகள் கேட்டு மார்க்குப் போடுவது என் வேலை. கேள்வித் தாளைக் கொழும்பில் யாரோ தமிழாக்கியிருந்தார்கள். தமிழ் டீச்சர்மாரைத் தவிர நாட்டில் எல்லோருக்கும் மறதி என்று நிரூபிக்கக்கூடிய தமிழ் அது. நான் தலவாக்கலைப் பக்கத்து லயத்தில் பிறந்தவன்தான். ஆனாலும் நாற்பது வயதில் கிடைத்த முதல் நிரந்தர உத்தியோகம் அக்கா. கழுத்தில் அட்டை தொங்கியது. தாளில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே கேட்டேன்.

நீங்கள் பெண் கங்காணியாக இருந்து ஓய்வுபெற்று ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒற்றை அறைக் காம்பராவுக்குள் ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் கட்டில், நடுவில் உங்கள் பேத்தியின் புத்தகப் பை, மிச்ச இடத்தில் நான். பிளேன்டியும் கையில் ஒரு துண்டு சீனியும் தந்துவிட்டு எதிரே உட்கார்ந்தீர்கள். உங்கள் வலது கைப் பெருவிரல் சுட்டுவிரலோடு உரசி உரசி, பீடி சுருட்டுகிற மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது. பார்த்தேன். கையைப் பற்றித் தாளில் கேள்வி இல்லை. அதனால் எழுதவில்லை.

"இன்றைய திகதி யாது?" என்று கேட்டேன்.

"பன்னண்டாம் நம்பர் மல" என்றீர்கள்.

"திகதிங்க அக்கா."

"அதத்தான் சொல்றேன். இன்னைக்கு பன்னண்டுல கொழுந்து. நாளைக்கு பதிமூணு. போன தடவ பன்னண்டு எடுத்து எட்டு நாளாச்சி. ஒனக்கு வேற என்னா தெரியணும்?"

ஓய்வுபெற்று வீட்டில் இருந்தாலும் எந்த மலையில் யார் கொழுந்து பறிக்கிறார்கள் என்று உங்களுக்கு மனப்பாடம். என் தாளில் மலைக்குப் பெட்டி இல்லை. முட்டை போட்டேன்.

மணிக்கூடு வரையச் சொன்னேன். வட்டம் போட்டீர்கள். ஆறு, ஒன்பதரை, பன்னிரண்டு, நாலரை. அவ்வளவுதான். "மத்த மணியெல்லாம் எங்கங்க?" என்று கேட்டேன். "ஆறு மணிக்கு ஆளு கூட்டிப் பேரு எடுக்குற பெரட்டு, ஒம்பதரைக்கு தேத்தண்ணி, பன்னண்டுக்கும் நாலரைக்கும் கொழுந்து நெறுவ. மத்த நேரம் மலையில நிப்போம் தம்பி. அங்க ஏது மணி?" அதற்கும் முட்டை.

பிறகு அந்தக் கேள்வி. ஒரு தாளை நீட்டி, "இந்தக் கடதாசியை வலது கையால் வாங்கி, இரண்டாக மடித்து, தரையில் வையுங்கள்" என்று வாசித்தேன். வலது கையால் வாங்கினீர்கள். ஓரத்தோடு ஓரம் சேர்த்து நேர்த்தியாக மடித்தீர்கள். பிறகு தரையைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள்.

"தரையிலயா?"

"ஆமாங்க."

"எழுத்து இருக்கே."

"பரவாயில்லங்க."

"ஒனக்கு பரவாயில்ல. நீ படிச்சி முடிச்சிட்ட. எம் பேத்தி இந்த வருசந்தான் ஸ்கொலர்சிப் எழுதப் போறா."

தாளை இரண்டு கண்ணிலும் ஒற்றி, எழுந்து போய் சரஸ்வதி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு வந்து உட்கார்ந்தீர்கள். அடுத்த வீட்டுக்கு அந்தத் தாள் வேண்டும் என்று கேட்டேன். சாமியிடம் வைத்ததை எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டீர்கள். முட்டை.

கடைசியாக, விரும்பிய ஒரு வசனம் எழுதச் சொன்னேன். "மழ விட்டிருச்சி, கெளம்பு" என்று எழுதித் தந்தீர்கள். அதற்கு மட்டும் முழு மார்க்கு. உங்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, வாசலில் நின்று கூட்டிப் பார்த்து, "ஞாபகக் குறைபாடு இருக்கலாம்" என்ற பெட்டியில் சரி போட்டுவிட்டு அடுத்த காம்பராவுக்குப் போனேன். அன்றைக்கு நல்ல வேலை செய்ததாகத்தான் நினைப்பு.

அந்தச் சரி எங்கெங்கே பயணம் போனது என்பதுதான் எங்கள் நிறுவனத்தின் கதை. என் தாள் தரவுப் பிரிவுக்குப் போனது. அங்கே உங்கள் பேர் போய் ஓர் இலக்கம் வந்தது. இலக்கம் மருத்துவப் பிரிவுக்குப் போனது. டொக்டர்மார் உங்களைப் பார்ப்பதற்கு முன்பே தொடர்புப் பிரிவு ஒரு கடிதம் அச்சடித்தது. இலக்கம் போய்த் திரும்பவும் உங்கள் பேர் வந்தது. அடியில் பணிப்பாளரின் கையொப்பம். ஒரு பிரதி உங்களுக்கு, இன்னொரு பிரதி "தகவலுக்காக" தோட்டத்து ஒபிசுக்கு. ஏன் ஒபிசுக்கு என்று யாரையும் கேட்க முடியாது. படிவத்தில் ஒரு கோடு இருந்தது, அதில் யாரோ நிரப்பினார்கள்.

தோட்டத்து ஒபிசில் அந்தக் கிழமைதான் வீட்டுக் காணி லிஸ்ட் வந்திருந்தது. துண்டு நிலமும், அதற்கு உங்கள் பேரிலேயே உறுதிப் பத்திரமும். உங்கள் அம்மா அந்தக் காம்பராவில் பிறந்தார், நீங்கள் பிறந்தீர்கள், உங்கள் மகளும் பேத்தியும் அங்கேதான் பிறந்தார்கள். அதற்கு ஒரு ஆணி அடிக்க வேண்டும் என்றாலும் தொரையிடம் கேட்க வேண்டும். இப்போது முதல் தடவையாகச் சொந்தமாக ஒன்று வரப்போகிறது. அந்த நேரம் பார்த்து என் கடிதம் போய்ச் சேர்ந்தது. கிளாக்கர் ஐயா நல்ல மனிதர்தான், ஆனால் பயந்த மனிதர். "மறதிக்காரங்க கையெழுத்து செல்லாதுங்கறாங்க அக்கா. ஒங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு அதே எடத்துல இருந்து இன்னொரு காயிதம் வரணும். மூணு கெழமைக்குள்ள, இருவத்தோரு நாளுக்குள்ள, வராட்டி பேரு அடுத்த லிஸ்ட்டுக்குப் போயிரும்" என்றாராம். அடுத்த லிஸ்ட் எப்போது என்று கேட்டீர்கள். அது அவருக்கும் தெரியாதாம்.

மறுநாள் காலை படியேறி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றீர்கள். கத்துவீர்கள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கடிதத்தை மேசையில் வைத்து, "நீ போட்ட முட்டைய நீயே அழி" என்றீர்கள்.

"அழிக்க ஏலாதுங்க அக்கா. மேல போயிருச்சி."

"மேலன்னா எங்க, வானத்துக்கா?"

சுவரில் இருந்த அமைப்பு வரைபடத்தைக் காட்டினேன். உங்களுக்கு விளங்கப்படுத்த வேண்டும் என்ற ஆர்வம் ஒரு பக்கம், நான் குற்றவாளி இல்லை என்று காட்டவேண்டிய அவசரம் ஒரு பக்கம். உச்சியில் பணிப்பாளர், அவருக்குக் கீழே துணைப் பணிப்பாளர், பிறகு மருத்துவப் பிரிவு, ஆய்வுகூடம், மூளைத் திசு வங்கி, தரவுப் பிரிவு, தொடர்புப் பிரிவு என்று கம்பால் தொட்டுத் தொட்டுச் சொன்னேன். நெறிமுறைக் குழு தனியாகப் பக்கத்தில் நின்றது. நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டீர்கள். கட்டிய கைக்குள்ளும் விரல் ஓடிக்கொண்டிருந்தது.

"இது என்னா, புள்ளி புள்ளியா ஒரு கோடு போவுது?"

"அது நேரடித் தொடர்பு இல்லங்க. கலந்து பேசுவாங்க, ஆனா ஒருத்தருக்கு ஒருத்தர் கட்டுப்பட்டவங்க இல்ல."

"வெளங்குது. பேச்சுவார்த்த இல்ல, கல்யாணத்துக்கு மட்டும் சொல்லி விடுவாங்க."

வரைபடத்தைக் கழற்றச் சொன்னீர்கள். முதுகைத் திருப்பி மேசையில் விரித்து, என் பேனையைப் பிடுங்கி, எங்கள் நிறுவனத்தைத் தோட்டமாக்கினீர்கள். பணிப்பாளர் பெரிய தொர. துணைப் பணிப்பாளர் சின்ன தொர. ஆய்வுகூடம் பேக்டரி. தரவுப் பிரிவு நெறுவக் கொட்டில். தொடர்புப் பிரிவு தபால்காரன். நான் கங்காணி. அதற்குக் கீழே "ஆளுக" என்று எழுதிவிட்டுப் பேனையை எடுக்காமல் யோசித்தீர்கள். பிறகு தாளைத் திருப்பி எங்கள் படத்தை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவித் தேடினீர்கள்.

"இதுல நாங்க எங்க இருக்கோம்?"

"நீங்க இதுல இல்லங்க. நீங்க பங்கேற்பாளர். ஒங்ககிட்ட இருந்து வர்றது தரவு."

"வெளங்கலயே. நாங்க ஆளுகளா, கொழுந்தா?"

"ஆளுன்னா சம்பளக் கொப்பியில பேரு போடணும். கொழுந்துன்னா நெறுத்துட்டு அனுப்பிரலாம்" என்று நீங்களே முடித்துவிட்டு, "சரி, காயிதம் எழுது" என்றீர்கள்.

எழுதினேன். முட்டையைத் திருத்த வேண்டும் என்று தரவுப் பிரிவுக்கு எழுதினேன். மருத்துவப் பிரிவு சொன்னால்தான் திருத்துவோம் என்றார்கள். மருத்துவப் பிரிவு, நோயாளியைப் பார்க்கத் தொடர்புப் பிரிவு திகதி கொடுக்க வேண்டும் என்றது. தொடர்புப் பிரிவு, ஏற்கெனவே அனுப்பிய கடிதத்தை மாற்ற நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும் என்றது. நெறிமுறைக் குழு ஒரு படிவம் அனுப்பியது. அதை சம்பந்தப்பட்ட கள அலுவலகப் பொறுப்பாளர் விசாரித்துப் பரிந்துரைக்க வேண்டுமாம். கள அலுவலகப் பொறுப்பாளர் நான். நான் எனக்கே ஒரு கடிதம் எழுதி, அது கிடைத்ததாக எனக்கே பதில் போட்டேன். அதை உங்களுக்கு வாசித்துக் காட்டியபோது நீங்கள் சிரிக்கவில்லை. "மறதி எனக்கில்ல தம்பி, ஒங்க நிறுவனத்துக்கு. யாரு என்னா கேட்டாங்கன்னு ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல" என்றீர்கள்.

அந்த மூன்று கிழமையும் தினமும் வந்தீர்கள். நான் எட்டரைக்கு வந்தால் நீங்கள் எட்டுக்கே என் கதிரையில் இருப்பீர்கள். என்னையும் நிமலையும் வரிசையாக நிறுத்தி, இன்றைக்கு யாருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். எங்கிருந்தோ ஒரு கொப்பி கொண்டுவந்து பேர் போடத் தொடங்கினீர்கள். நேரத்துக்கு வந்தால் முழு நாளுக்கு முழுப் பேர், பிந்தினால் அரை நாளுக்கு அரைப் பேர், தோட்டத்தில் போடுகிற மாதிரியே. எனக்குப் பெரும்பாலும் அரைப் பேர்தான். நிமல் ஒரு நாள் பஸ் பிந்தியது என்று சிங்களத்தில் சமாதானம் சொன்னார். "பஸ்ஸுக்கு வேணும்னா முழுப்பேரு போடுறேன்" என்று சிங்களத்திலேயே பதில் சொன்னீர்கள். பல்கலைக்கழகத்து விரல் அடையாள மெசினை ஏமாற்றத் தெரிந்த எங்கள் இரண்டு பேருக்கும் உங்கள் கொப்பியை ஏமாற்றத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த அலுவலகம் ஒழுங்காக நடக்கத் தொடங்கியதே அந்த மூன்று கிழமையில்தான்.

லிஸ்ட் மூட இரண்டு நாள் இருக்கும்போது பணிப்பாளர் வந்தார். நீங்கள் அழைத்து அல்ல. வருடாந்த மேற்பார்வை. கூடவே மருத்துவப் பிரிவு டொக்டர் ஒருவர், வெளியிலிருந்து மதிப்பீட்டாளர்கள் இரண்டு பேர். நான் கழுத்துப் பட்டி கட்டியிருந்தேன். நீங்கள் மாம்பழ மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு என் கதிரையில் அமர்ந்திருந்தீர்கள். எழும்பச் சொல்லிக் கண்ணால் கெஞ்சினேன். நீங்கள் ஜன்னலைப் பார்த்தீர்கள்.

பணிப்பாளர் மருத்துவப் பேராசிரியர், கொழும்புத் தமிழர், மரியாதையான அம்மா. "நீங்கள் எங்கள் பங்கேற்பாளரா?" என்று கேட்டார்.

"இல்லீங்கம்மா. நான் இங்க பெரட்டு எடுக்குறேன்."

நிமல் இருமிக்கொண்டே வெளியே போய்விட்டார். நீங்கள் எழுந்து கும்பிட்டு, சுவரில் இருந்த படத்தைக் காட்டி, என்னிடம் கேட்டதையே அவரிடமும் கேட்டீர்கள். நாங்க ஆளுகளா, கொழுந்தா. அந்த அம்மா சிரித்து, "நீங்கள்தான் இந்த நிறுவனத்தின் இதயம்" என்றார்.

"இதயத்துக்கு வேற ஆஸ்பத்திரி இருக்குங்களே அம்மா. இங்க மூளதானே பாக்குறீங்க?"

மதிப்பீட்டாளர் ஒருவர் அதை எழுதிக்கொண்டார். நான் கழுத்துப் பட்டியைத் தளர்த்தினேன். நீங்கள் இடுப்பிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தீர்கள், அவருடைய கையொப்பம் உள்ள கடிதம். "அம்மா கோவிச்சிக்கப்படாது. இத வலது கையால வாங்குங்க. ரெண்டா மடிங்க. தரையில வைங்க" என்றீர்கள்.

விஞ்ஞானி அல்லவா, சோதனை என்றதும் உற்சாகமாகிவிட்டார். வாங்கினார், மடித்தார், குனிந்து தரையில் வைத்தும் விட்டார். நீங்கள் நம்பியிருந்த ஒரே சாட்சி எதிர்க் கட்சிக்குப் போய்விட்டது. உங்கள் முகம் வாடியது, பார்த்தேன். அவர் நிமிர்ந்து, கதிரையைப் பின்னால் தள்ளிக் காலை எடுத்து வைத்தார். செருப்பு நுனி கடிதத்தில் பட்டது.

அவ்வளவுதான். அந்தக் கை தானாகக் கீழே போனது. கடிதத்தைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றியது. பேசிக்கொண்டே செய்தார். செய்தது அவருக்கே தெரியாது. அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

நீங்கள் மெதுவாகத்தான் சொன்னீர்கள். "எங்களுக்கு தரையில வைக்கிறதுக்கு முன்னாடியே தோணிருதும்மா. ஒங்களுக்கு வச்சதுக்கு அப்புறந்தான் தோணுது. எனக்கு அதுக்குத்தான் முட்ட போட்டாங்க."

அந்த அம்மா கடிதத்தை எடுத்துத் தன் கையொப்பத்தைப் பார்த்தார். பிறகு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பியபோது முகத்தில் சிரிப்பு இல்லை. "இந்தக் கேள்வியை இதுவரை எத்தனை லயத்தில் கேட்டிருக்கிறீர்கள்?" சொன்னேன். "எத்தனை பேர் தரையில் வைத்தார்கள்?" யோசித்தேன். அலுமாரி நிறைய என் தாள்கள். ஒரே இடத்தில் ஒரே முட்டை. கேட்டவனும் நான், போட்டவனும் நான், ஒரு நாளாவது வரிசையாக வைத்துப் பார்த்ததில்லை.

"ஒருத்தரும் வைக்கல மேடம்."

"அப்போ இந்த மலைக்கே மறதியா?"

வெட்கமாக இருந்தது அக்கா. லயத்தில் பிறந்த நான் கண்டுபிடிக்க வேண்டியதை, கொழும்பிலிருந்து வந்தவரின் கால் கண்டுபிடித்தது.

டொக்டர் அங்கேயே உங்களை நடக்கவிட்டுப் பார்த்தார், விரலை மடக்கி நீட்டச் சொன்னார், ஒரு வரி எழுதச் சொல்லி எழுத்து சுருங்குவதைப் பார்த்தார். பிறகு மலையைப் பற்றியும் மணியைப் பற்றியும் நிறையக் கேட்டார். "உங்களுக்கு மறதி இல்லை அம்மா. இது நடுக்க நோய்" என்றார். "நடுக்கம் எனக்குத் தெரியும். இவந்தான் கேக்கல" என்று என்னைக் காட்டினீர்கள். பணிப்பாளர் புதிய கடிதத்தைத் தன் கையாலேயே எழுதினார். அச்சடிப்பதென்றால் தொடர்புப் பிரிவு வழியாகப் போக வேண்டும் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. நிமல் அதை எடுத்துக்கொண்டு ஒபிஸ் மூடுவதற்குள் தோட்டத்துக்கு வேனை விட்டார். அந்த மலைப் பாதையில் அவ்வளவு வேகம் நல்லதல்ல என்று நீங்கள் மறுநாள் அவருக்கு அரைப் பேர் போட்டீர்கள்.

உறுதியில் கையெழுத்து வைத்த அன்று நானும் ஒபிஸ் வாசலில் நின்றேன். உங்கள் கை அன்று வழக்கத்தைவிட மோசம். காணி அதிகாரி பொறுமையில்லாமல் மை டப்பாவைத் தள்ளினார். "அத மூடி வைங்கய்யா. கைநாட்டு எங்கம்மாவோட போச்சி" என்றீர்கள். முதல் எழுத்து பெரிதாக வந்தது, அடுத்தது சிறுத்தது, கடைசி எழுத்துக்கு வரும்போது கிளாக்கர் ஐயா வியர்த்துவிட்டார். அதிகாரி குனிந்து பார்த்து, "இது என்ன, எறும்பா?" என்றார். "எறும்புதான். ஆனா எம்பேருல இருக்குற எறும்பு" என்றீர்கள். உங்கள் மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், மழைக் கோட்டுத் தொப்பி நன்றாக மறைத்தது.

அதற்குப் பிறகு நடந்த பல உங்களுக்கே தெரியும். "தரையில்" என்பது "மேசையில்" ஆவதற்கு மூன்று குழுக் கூட்டங்கள் ஆயின. மலை இலக்கத்தைத் திகதியாக ஏற்க இன்னும் ஒரு வருடம். பழைய தாள்களையெல்லாம் எடுத்துக்கொண்டு லயம் லயமாகத் திரும்பப் போனேன், நீங்களும் வேனில் முன் சீட்டில். உங்களுக்குச் சமூக ஆலோசகர் என்று ஒரு பட்டம் தந்தார்கள். வரைபடத்தில் புள்ளிக் கோடு போட்டுத் தொங்கவிட்டார்கள். "கல்யாணத்துக்குச் சொல்லுவாங்களா?" என்று மட்டும் கேட்டீர்கள். மூளைத் திசு வங்கியிலிருந்து, காலத்துக்குப் பின் மூளையைத் தானம் செய்ய விருப்பமா என்று ஒரு படிவம் வந்தது. நீங்கள் சொன்ன பதிலை நான் அப்படியே அனுப்பவில்லை. "உசுரோட இருக்கையில கேட்டதுக்கே தப்பா மார்க்கு போட்டீங்க. செத்தப்புறம் தனியா மூளகிட்ட என்னாத்த கேப்பீங்க?" விருப்பமில்லை என்று சுருக்கி எழுதினேன்.

வீடு எழும்பியது. இரண்டு அறை, தகரக் கூரை, முன்னால் ஒரு வரி லீக்ஸ் செடி. சுவரில் எங்கு வேண்டுமானாலும் ஆணி அடித்தீர்கள். ஒன்றிலும் ஒன்றும் தொங்கவில்லை.

இந்த நோய் சிலருக்குப் பல வருடம் கழித்து ஞாபகத்தையும் எடுத்துக்கொள்ளும் என்று டொக்டர் எனக்குச் சொல்லியிருந்தார். நான் உங்களிடம் சொல்லவில்லை. போன வருடம் நீங்கள் கொப்பியில் ஒரே நாளை இரண்டு தடவை எழுதினீர்கள். பிறகு கொப்பியை மறந்தீர்கள். பிறகு அலுவலகத்துக்கு வரும் வழியை. உங்களுக்குத் தொடர் பரிசோதனை செய்யச் சொல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. வேன் பழுது என்றேன். மண் சரிவு என்றேன். எனக்குக் காய்ச்சல் என்றேன். நிமல் ஒரு நாள் வேனை எடுத்து வந்து வாசலில் நிறுத்திவிட்டு, "மல்லி, யமு" என்று மட்டும் சொன்னார். தம்பி, போவோம் என்று அவர் அவ்வளவு மெதுவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

வாசலில் என்னைப் பார்த்து எழுந்து நின்றீர்கள். "வாங்க, உக்காருங்க. நீங்க எந்த டிவிசனுங்க?" என்றீர்கள். பழகிய அத்தனை வருடமும் நீ, வா, போ, கழுத. அன்றைக்குத்தான் உங்கள் வாயிலிருந்து எனக்கு முதன்முதலாக மரியாதை கிடைத்தது. அதைத் தாங்க முடியவில்லை அக்கா.

தாளை விரித்தேன். இப்போது நல்ல தாள், நீங்கள் திருத்திய தாள். திகதி கேட்டேன், பதில் இல்லை. எந்த மலை என்று கேட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்து, "எல்லாம் பச்சையாத்தான் இருக்கு" என்றீர்கள். மணிக்கூட்டுக்கு வட்டம் மட்டும் வந்தது. கடதாசியை மேசையில் வைக்கச் சொன்னேன். வாங்கி, மடிக்காமல், கையிலேயே வைத்திருந்தீர்கள். ஒவ்வொன்றுக்கும் முட்டை போட்டேன். இந்தத் தடவை எல்லாம் உண்மையான முட்டை. பொய்யான முட்டைகளை அரை மணிக்குள் போட்டவன், இதைப் போட ஒரு பகல் எடுத்தேன்.

மிச்சம் இருந்தது இடத்தைப் பற்றிய நான்கு கேள்விகள். இது என்ன இடம் என்று கேட்டேன்.

"என் வீடு."

எந்தத் தோட்டம் என்று கேட்டேன். "என் வீடு." எந்த மாவட்டம்? "என் வீடுங்கிறேன்." எந்த நாடு? நீங்கள் முதுகை நிமிர்த்தி, கை நடுங்க, குரல் நடுங்காமல் சொன்னீர்கள். "இது என் வீடுங்க. சந்தேகம்னா ஒபிசுல போயி கேளுங்க."

நான்குக்கும் மார்க்குப் போட்டேன். குறிப்புக்கான இடத்தில் "உறுதி இவர் பேரில் உள்ளது" என்று எழுதினேன்.

உங்களிடம் நான் ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அரைப் பேர் போடுவீர்கள் என்று விளையாட்டாகவே தள்ளிக்கொண்டு வந்தேன். கேட்க நினைத்தபோது கேட்பதற்கு நீங்கள் இல்லை, எதிரே உட்கார்ந்திருந்தும் இல்லை. அது எனக்குள் கிடக்கிறது. எந்தக் காம்பராவில் எந்தப் பெட்டியில் முட்டை போடப் போனாலும் பென்சில் ஒரு நிமிடம் நின்றுவிடுகிறது. ஒரு நாளைக்கு எட்டு வீடு முடிக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் முடிகிறது. மேலே இருந்து விளக்கம் கேட்டு எழுதுகிறார்கள்.

போன கிழமை தரவுப் பிரிவிலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் பேசினாள். நான்கு கேள்விக்கும் ஒரே பதிலாம், நான்கும் எப்படிச் சரியாகும், இறந்தவரின் கோப்பை மூட வேண்டும், அந்த நான்கு மார்க்கைத் திருத்த யாருக்கு எழுத வேண்டும் என்று கேட்டாள். முதலில் யாருக்கு எழுதி, பிறகு எந்தப் பிரிவுக்குப் போய், எந்தக் குழுவில் படிவம் வாங்கி, கடைசியில் யார் பரிந்துரைக்க வேண்டும் என்று நிறுவனத்திலேயே முழுதாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தெரியாதே பிள்ளை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன், அக்கா.